நாச்சம்மாள் திருப்பி வைத்த கூரை

நாச்சம்மாள் இதுவரை முப்பத்திரண்டு பழைய வீடுகளைப் பிரித்திருக்கிறார். பிரிப்பது வேறு, இடிப்பது வேறு. இதை என்னிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இடிக்கறதுக்கு ஜேசிபி போதுமுங்க தம்பி. நாங்க பிரிக்கறவிய. ஓடு ஒண்ணு ஒடஞ்சாலும் அன்னைக்குச் சோறு எறங்காது எனக்கு."

பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு பக்கங்களில் இது ஒரு தனித் தொழில். பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிடுவார்கள், வீட்டை வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. மனையை ஒருவர் வாங்குவார், வீட்டின் மரத்தை இன்னொருவர் வாங்குவார். நாச்சம்மாளின் ஏழு பேர் கொண்ட குழு ஓட்டை இறக்கி, ஓடு தாங்கும் ரீப்பர் சட்டங்களைக் கழற்றி, கைமரம், உத்திரம், நிலை, கதவு, தூண் என்று மேலிருந்து கீழாக வீட்டைக் கழற்றித் தரும். நான்காம் நாள் அங்கே வெறும் சுவர்தான் நிற்கும். கதவு கொச்சிக்குப் போகும், தூண் ஏதாவது ஓட்டலுக்குப் போகும், மிச்சம் மரக்கடைக்கு.

அவரை நான் சந்தித்தபோது பாலக்காடு நகரத்துப் பழைய வீடுகளைப் பட்டியலெடுக்கும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வரலாற்றில். அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று முதலமடையில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. வேலை கிடைத்ததும் கழுத்து அட்டையோடும் கேமராவோடும் ஊருக்குள் இரண்டு சுற்று வந்தேன் என்பதை ஒளிப்பானேன்.

எங்கள் பட்டியலில் இருந்த ஒரு வீட்டுக்குத்தான் நாச்சம்மாள் வந்தார். நகரத்தின் கோயில் தெருக்களில் ஒன்று அது. தெருவின் பெயரைப் போட வேண்டாம் என்று தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் விடுகிறேன். வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. முகப்பு பதினாறு அடிதான், உள்ளே போனால் நூறடிக்கு மேல் நீளும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டு உத்திரத்தின் தலை எந்தச் சுவரில் படுத்திருக்கிறதோ, அதே சுவரில் மறுபக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு உத்திரமும் தலை வைத்திருக்கும்.

நாங்கள் எடுத்த வீட்டின் சொந்தக்காரர்கள் பம்பாயில் இருக்கிறார்கள். வீட்டைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சுவர்களின் மேல் வரிசையைக் கரையான் தின்றிருந்தது. கூரை முழுவதையும் இறக்கி, சுவரைச் சரிசெய்து, மரங்களுக்கு மருந்து ஏற்றி, பழையபடியே திருப்பி வைப்பதுதான் திட்டம். வேலையை எடுத்தது ஒரு தனியார் நிறுவனம். அதன் சைட் சூப்பர்வைசர் ஜின்சன், திருச்சூர்க்காரர், முப்பது வயதுக்குள். லேப்டாப்பை மூடாமலே ஏணி ஏறுவார்.

கூரையை இறக்கும் வேலைக்கு விலை பேச வந்த நாச்சம்மாள் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இதெ திருப்பி இதே எடத்துல வெப்பீங்களா?"

"ஆமா சேச்சி" என்றார் ஜின்சன்.

"இதே மரத்தெ?"

"இதே மரம்தான் சேச்சி. அதுக்குத்தானே இத்தனை செலவு."

நாச்சம்மாள் கூடத்தின் மேற்கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார். ஏன் இரண்டு முறை கேட்டார் என்பது எனக்கு அன்று புரியவில்லை. மதியச் சாப்பாட்டின்போது கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலமடைப் பக்கம் ஒரு சிற்றூர்தான் அவருக்கும். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணம் ஆகும்வரை மாங்காய் ஷெட்டில் தரம் பிரித்துப் பெட்டி அடுக்கும் வேலை. கணவர் பெயர் சென்னிமலை, லாரியில் சுமை ஏற்றுபவர். அவருக்கு ஒருமுறை வீடு பிரிக்கும் இடத்தில் வேலை வந்தது. ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்க வரிசையில் ஒரு ஆள் குறைந்தது, நாச்சம்மாளும் போய் நின்றார். அன்றிலிருந்து பதினாறு வருடம் ஆகிறது.

அந்தக் காலத்தில் கழற்றிய மரத்துக்கெல்லாம் எண் போடுவார்கள். போட்ட எண்ணை லாரியில் தலைகீழாகப் புரட்டி அடுக்கினால் ஆறு ஒன்பதாகிவிடும். அப்படி ஒருமுறை ஆறாம் நிலைக்கு ஒன்பதாம் கதவை ஜோடி சேர்த்து ஆலுவாவரை அனுப்பிவிட்டார்கள். வாங்கியவர் போனில் பேசிய மலையாளத்தை எழுத முடியாது.

"அன்னைக்குச் சொன்னனுங்க, இந்த நெம்பரே வேண்டாமுன்னு. எங்க ஆளுகளுக்கு எந்த எழுத்துத் தெரியுதோ இல்லியோ, மாங்காப் பேரு தெரியாத ஆளு ஒருத்தரு இல்ல. அறைக்கு ஒரு பேரு வெச்சேன். கூடம் சிந்தூரம். பூஜை ரூமு பங்கனபள்ளி. அடுக்களை நீலம். மச்சு மல்கோவா. பெருசா இருந்தா முழுப் பேரு, சின்ன மரமுன்னா பேருக்குக் கீழ ஒரு புள்ளி."

"எல்லா வீட்டுக்கும் இதே பேரா அக்கா?"

"எந்த ஊடா இருந்தாலும் அடுக்களை நீலந்தானுங்க. நீலம் கடசீல வார காயி. ஊட்டுலயும் அடுக்களை கடசீலதானே இருக்குது?"

குழுவில் இருக்கும் பூபதிராஜா சோற்றை விழுங்காமலே சொன்னார்: "கக்கூஸுக்கு மட்டும் அக்கா இன்னும் பேரு வெக்கலீங்க. அல்போன்சா வெக்கலாமுன்னேன், அடிக்க வந்திருச்சு."

"அல்போன்சாவ என்ன வெலைக்கு ஏத்தறாங்கன்னு தெரியுமாடா உனக்கு? வாயக் களுவு."

ஆக, எண்ணோ மாங்காய்ப் பெயரோ கரியால் எழுதிய முப்பத்திரண்டு வீடுகள். அவற்றில் ஒன்றுகூடத் திரும்ப எழுந்து நின்றதை நாச்சம்மாள் பார்த்ததில்லை. நிற்கும் என்று ஒரு முறை நம்பினார். கொல்லங்கோட்டுப் பக்கத்து வீடு ஒன்றை மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊரருகில் ரிசார்ட்காரர்கள் சிலர் வாங்கினார்கள். அப்படியே மலைமேல் எழுப்பப் போகிறோம் என்று சொன்னதால், நாச்சம்மாள் ஒவ்வொரு ஆப்பு, ஒவ்வொரு முளைக்கும் பெயர் எழுதி, கூடவே எது எதில் சொருக வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அடுத்த வருடம் மகள் கௌசிகாவுக்குப் பள்ளி விடுமுறை. சென்னிமலையிடம் அடம்பிடித்து மூன்று பேரும் பஸ் மாறி மாறிப் போனார்கள்.

"போனா, புல்லுக்கு நடுவால நாலு தூணு வரிசையா நிக்குது. தலைல ஒண்ணுமே இல்ல. மொட்டையா. அதுல வண்ணபல்பு சுத்தியிருக்குது. நெலக்கதவப் படுக்கப் போட்டு மேல கண்ணாடி வெச்சு அதுலதான் காப்பி குடுக்கறாங்க. இவரு அந்தக் கதவுமேலயே டம்ளர வெச்சுக் குடிச்சாரு. நான் குடிக்கல."

"மத்த மரம்?"

"கேட்டனுங்க. குளுருக்கு எரிச்சுட்டமுன்னு அங்கத்த ஆளு சிரிக்கறான்."

இதுதான் அந்த இரண்டு முறைக் கேள்வியின் கதை. பிரித்த கையாலேயே ஒரே ஒரு வீட்டையாவது திருப்பி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்தப் பயணத்திலிருந்து அவருக்கு ஒன்பது வருட ஆசை. அதற்கு இந்த வீடு வந்து வாய்த்திருக்கிறது என்று நினைத்தார்.

ஜின்சனின் காகிதத்திலோ வேறு மாதிரி இருந்தது. இறக்குவது நாச்சம்மாள் குழு, திருப்பி வைப்பது நிறுவனத்தின் தச்சர்கள்.

"சேச்சி, கோவிச்சுக்காதீங்க. ரெஸ்டோரேஷன்னா சர்ட்டிபிகேட் வேணும். அது கம்பெனி ஆட்கள்கிட்டதான் உண்டு."

"சர்டிபிகேட்டு மரத்துல ஏறுமாங்க?" என்று மட்டும் கேட்டார் நாச்சம்மாள்.  ஒவ்வொரு மரத்துக்கும் மாங்காய்ப் பெயரைக் கூவிக் கூவி இறக்கினார், ஜனவரியில் ஐந்து நாள். ஒரு ஓடு உடையவில்லை.

மரங்கள் முற்றத்தில் அடுக்கியிருந்தபோது ஜின்சன் ஒரு உத்திரத்தின் பக்கத்தில் குனிந்து படித்தார். "மல்கோவா. இதென்ன சேச்சி, பழக்கடையா? ஆபீஸ்ல பார்த்தா சிரிப்பாங்க." அடுத்த நாளே ஒவ்வொரு மரத்திலும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. எது எங்கே இருந்தது என்று நாச்சம்மாளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை எந்தத் தவறும் இல்லை.

மரங்கள் மருந்துத் தொட்டிக்குப் போயின. தொட்டியில் ஒரு வாரம் ஊறியதில் ஸ்டிக்கர்கள் எல்லாம் பிரிந்து மேலே மிதந்தன. அவற்றோடு சேர்ந்து கரி எழுத்தும் போய்விட்டது. கதவுக்கும் நிலைக்கும் தூணுக்கும் கவலை இல்லை, அவற்றை நான் முந்நூறு படம் எடுத்து வைத்திருந்தேன். கைமரங்கள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவைதான். சிக்கிக்கொண்டது இருபத்திரண்டு உத்திரங்கள். அவை எதிலும் பூ இல்லை, யாளி இல்லை, செதுக்கல் இல்லை. அதனால் இடத்தில் இருந்தபோது நான் ஒன்றையும் படமெடுக்கவில்லை. வரலாறு படித்தவனின் கண் அலங்காரத்தைத்தான் பார்த்தது. வீட்டைத் தாங்கியதைப் பார்க்கவில்லை. இதை என் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

தொட்டி ஒரு நல்ல காரியமும் செய்திருந்தது. நூறு வருடப் புகையும் சுண்ணாம்பும் கழன்று போனதில், ஒவ்வொரு உத்திரத்திலும் முனைக்கு அருகில் உளியால் வெட்டிய குறி ஒன்று தெரிந்தது. சில கோடுகள், சில பிறைகள். ஜின்சன் கெட்டிக்காரர். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கோடு என்றால் ஒன்று, பிறை என்றால் ஐந்து. ஒரு பிறையும் நாலு கோடும் ஒன்பது. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எல்லா எண்ணும் இருந்தன, ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"பழைய ஆசாரிமாரே நம்பர் போட்டு வச்சிருக்காங்க!" என்று என் தோளில் தட்டினார். நானும் மகிழ்ந்துபோனேன்.

தெருப்பக்கம் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்தார்கள். கூரை ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு இடத்தில் எழுந்து ஓரிடத்தில் குழிந்தது. கொல்லைப்பக்கம் தொடங்கி வைத்துப் பார்த்தார்கள். ஒட்டகம் திரும்பி நின்றது, அவ்வளவுதான். சில மரங்கள் சுவருக்கு இரண்டு விரல் எட்டவில்லை. சுவரின் மேல் வரிசையைப் புதிதாகக் கட்டிவிட்டதால் பழைய குழிகளின் அடையாளமும் இல்லை.

மே மாதம் இருபதாம் தேதி ஆகியிருந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மழை பிடித்துவிடும். திறந்த வீடு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. இரும்பு உத்திரம் போட்டு மேலே பழைய ஓட்டை வேய்ந்துவிடலாம், வெளியே தெரியாது என்று நிறுவனம் முடிவெடுத்தது. திங்கட்கிழமை இரும்பு வரும், பழைய உத்திரங்கள் விலைக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை நான் பைக்கை எடுத்துக்கொண்டு முதலமடைக்குப் போனேன். சீசனின் கடைசி மாங்காய். ஷெட்டில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த நாச்சம்மாள் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார்.

"ஊஞ்சக் கொக்கி மாட்டுன மரம் ஒண்ணு இருந்துச்சே, அதுல என்ன குறி?"

என் போனில் இருந்தது. "ஒரு பிறை, நாலு கோடு. ஒன்பது."

"அதெ இப்ப எங்க வெச்சிருக்கறாரு?"

"ஒன்பதாவதா. இரண்டாங்கட்டுக்கும் அந்தப்பக்கம்."

"அது கூடத்து மரமுங்க. சிந்தூரம். தெருவுலிருந்து அஞ்சாவது. கூடத்த உட்டுட்டு அக்கட்டப் போயி, மூட்டை அடுக்கற இருட்டுக்குள்ள எவனாச்சும் ஊஞ்சல் ஆடுவானுங்களா?" கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எல்லாத்தையும் நெனப்பு வெச்சுச் சொல்ல எனக்கு முடியாது தம்பி. அஞ்சாறு சொல்லுவேன். மிச்சத்த எங்க பாக்கோணுமுன்னு தெரியும். ஆனா ஜின்சன் தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க. எடத்த நான் கண்டுபிடிச்சா, மரத்த நான்தான் வெப்பேன். நாங்கதான் வெப்போம்."

அங்கிருந்தே ஜின்சனுக்குப் போன் செய்தேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் சேச்சிக்கு" என்றார். அதுவே சம்மதம்.

மிச்சத்தைப் பார்க்க வேண்டிய இடம் பக்கத்து வீடு. "ஒரே செவுத்துல ரெண்டு ஊட்டு மரமும் தல வெச்சுப் படுத்திருக்குது. ஒரே ஆசாரி கட்டுனதுன்னா அக்கட்ட எப்பிடியோ இக்கட்டயும் அப்பிடித்தானே இருக்கோணும்?" என்றார் நாச்சம்மாள். சனிக்கிழமை காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.

திறந்தவர் தைலாம்பாள். அறுபத்து மூன்று வயது, தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கூரை வேலைக்கு வந்த நிறுவனத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும் ஜன்னலைச் சாத்துவார் என்று தெருவே சொல்லும்.

"எந்தாக்கும் விஷயம்?" என்றார், கதவைப் பாதி திறந்து.

நான் என் அட்டையைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இந்தத் தெருவுல ஒரு மொறை உண்டு, கேட்டேளா? செவுரு ரெண்டாத்துக்கும் பொதுவாக்கும். ஒரு ஆணி அடிக்கறதானாலும் பக்கத்தாத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் அடிப்பா. எங்கப்பா காலத்துல வெத்தலை பாக்கு வச்சு கேப்பா. நீங்க கூரையையே எடுத்தேள். ஆராவது வந்தேளோ? எம்மேல மண்ணு கொட்டித்து. அஞ்சு மாசமா எங்காத்துல தூசி."

 நாச்சம்மாள் சொன்னார்: "கேக்காம செஞ்சது தப்புங்கம்மா. கூரைய எறக்குனது நாந்தானுங்க. எனக்கு இந்தத் தெரு மொறை தெரியாது. நாங்க போறது எல்லாம் ஒத்த ஊடு, செவுத்துக்குப் பங்காளி கெடையாது. இப்பக் கேக்கறேன். அந்த மரத்தெ திருப்பி வெக்கோணும். வெக்கட்டுங்களா?"

தைலாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீயாக்கும் எடுத்தது?"

"ஆமாங்க."

"மேலேருந்து மாங்கா பேரெல்லாம் சொல்லி சத்தம் போட்டுண்டிருந்தது நீதானா? நான் ஆரோ ஏலம் விடறான்னு நெனச்சேன்." கதவு முழுதாகத் திறந்தது. "உள்ள வா. என்ன வேணும்?"

வேண்டியது மச்சுக்கு ஏறிப் பார்ப்பது. அங்கே ஒரு சிக்கல் இருந்தது. பொதுச்சுவரை ஒட்டிப் பதினோரு ஊறுகாய்ப் பரணிகள், பெரிய பீங்கான் ஜாடிகள், வரிசையாக நின்றன. வருடா வருடம் மாவடுவில் கடுமாங்காய் போட்டு, பம்பாய், சென்னை, துபாய் என்று உறவினர்களுக்கு அனுப்புபவர் தைலாம்பாள். பரணியை நகர்த்தாமல் சுவரை நெருங்க முடியாது.

"பரணிய ஆரும் தொடப்படாது" என்றார் தைலாம்பாள். நாச்சம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "வேற ஒண்ணும் நெனச்சுக்காதே. ஈரக்கை பட்டா பூஞ்சை பூத்துடும், அதாக்கும்."

"என் கை காஞ்சுதானுங்கம்மா இருக்குது."

 வெளியே மீன்காரரின் ஸ்கூட்டர், இந்தத் தெருவில் மட்டும் ஹார்ன் அடிக்காமல், கடந்து போனது. தைலாம்பாள் புடவையை இடுப்பில் செருகினார்.

"முழங்கால் வலின்னு இந்த வருஷத்துப் பரணி வச்சப்புறம் நான் மச்சு ஏறவே இல்லை. இந்தப் பையனை ஏணிய பிடிச்சுக்கச் சொல்லு. நாம ரெண்டு பேருமா நகத்தலாம். நீ அடியைப் பிடி, நான் வாயைப் பிடிக்கறேன்."

அப்படியே நகர்த்தினார்கள். ஏழாவது பரணியில் நாச்சம்மாள் மூக்கைச் சுருக்கினார். "இது நாட்டு வடு இல்லீங்களே. வேற காயி கலந்திருக்குது."

"ஐயோ, இவளுக்கெப்படித் தெரிஞ்சுது! சந்தைக்காரன் ஏமாத்திட்டான்டீ" என்று தைலாம்பாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் உத்திரம் மறந்துபோய் மாங்காய்தான் பேச்சு. நான் கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு வேலை நடந்தது. நாச்சம்மாள் ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தை ஈரத்துணியால் துடைத்தார். அழுக்கு நீங்கியதும் அதே உளிக்குறி. தைலாம்பாள் டார்ச்சை அடித்துப் படித்தார். கூரை இல்லாத, நாங்கள் எடுத்த வீட்டுச் சுவர்மேல் பூபதிராஜா உட்கார்ந்து, காதைக் கொடுத்து, நோட்டில் எழுதினார்.

"அல்லோ! முதல் மரம். கோடு ஒண்ணு! திருப்பிச் சொல்லு!"

"கோடு ஒண்ணுங்க!"

"ரெண்டாவது மரம். கோடு மூணு! திருப்பிச் சொல்லு!"

"கோடு மூ... ரெண்டு எங்கீங்க?"

"நான் உள்ளதைச் சொல்றேன். நீ எழுது. மூணாவது மரம், பிறை ஒண்ணு! கேக்கறதா?"

"பக்கத்துலதானுங்க இருக்கறேன், இப்பிடிக் கத்தறீங்க!"

"ட்ரங்க் கால்ல அப்படித்தான்டா கத்தணும்!"

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. கூடத்து ஊஞ்சல் மரத்துக்கு நேர் எதிரே ஒன்பது. நாச்சம்மாள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் நடு வீட்டுக்கு வந்ததும் இருபத்தொன்று, அதையடுத்து இருபத்திரண்டு. அதற்கப்பால் இருபது, பதினெட்டு என்று இரட்டை எண்கள் இறங்கிக்கொண்டே போய், கொல்லைக் கடைசியில் இரண்டு.

 அந்தக் குறிகள் மரம் இருந்த இடத்தைச் சொல்லவில்லை, ஏற்றிய முறையைச் சொல்கின்றன. இரண்டு குழுக்கள். ஒன்று தெருவிலிருந்தும் ஒன்று கொல்லையிலிருந்தும், மாற்றி மாற்றி ஒவ்வொரு மரமாக ஏற்றிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். சுவர்மேல் பாரம் ஒரே பக்கம் விழாமல் இருக்கவா? அல்லது இரண்டு குழுவுக்கும் போட்டியா? வீட்டுப் பத்திரங்களை எல்லாம் படித்திருந்தேன், எந்தக் காகிதத்திலும் இது கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் கணக்கு இடறியது. தெருப்பக்க வரிசையில் பதினொன்றுக்குப் பிறகு பதினைந்து வந்தது, அப்புறம் பதின்மூன்று. தைலாம்பாளை மூன்று தடவை படிக்கச் சொன்னோம்.

"எனக்குக் கண்ணு நன்னாத் தெரியும். பிறை மூணு முன்னாடி. பிறை ரெண்டு கோடு மூணு பின்னாடி. அவா தப்பாப் போட்டா நான் என்ன பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஜின்சன் நோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பக்கத்திலிருந்து. எனக்குத் தோணவே இல்லையே." பிறகு பென்சிலால் பதின்மூன்றையும் பதினைந்தையும் வட்டமிட்டார். "இது ஆசாரிமாருக்குப் பற்றிய தெற்று, மிஸ்டேக். இதை நாம திருத்தி வைப்போம்."

"திருத்த வேண்டாமுங்க" என்றார் நாச்சம்மாள்.

"சேச்சி, அடுத்த வீட்டில தப்பா வச்சிருந்தா இந்த வீட்டிலயும் வைக்கணுமா?"

"அவிய தப்பா வெச்சாங்களோ, தெரிஞ்சே வெச்சாங்களோ. அந்த மரம் அத்தன வருசம் அங்கதான் கெடந்து அந்த எடத்துக்கு வளைஞ்சிருக்கும். எடுத்த எடத்துல வெக்கறதுதானுங்க திருப்பி வெக்கறது. நாம நெனச்சபடி வெச்சா அது புது ஊடு."

"தப்புன்னா?"

"ரெண்டு மரத்த மட்டும் ஏத்தி நூலு புடிச்சுப் பாருங்க. எம்பேச்சையும் நம்ப வேண்டாம், அவிய குறியையும் நம்ப வேண்டாம்."

எண்ணின்படி ஏற்றினார்கள். நூலுக்குக் கீழே இரண்டு விரல் பள்ளம். இறக்கி மாற்றி ஏற்றினார்கள், பதினைந்து முன்னால், பதின்மூன்று பின்னால். பூபதிராஜா நூலைச் சுண்டினார். நூல் இரண்டு மரத்தையும் உரசிக்கொண்டு நேராக நின்றது. ஜின்சன் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, இரும்புக்காரருக்குப் போன் செய்ய வெளியே போனார்.

அந்த இரண்டு மரம் ஏன் இடம் மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மரம் வர நேரமாகியிருக்கலாம். யாரோ காலையில் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம். தெருவில் மற்ற வீடுகளிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கேட்க வேண்டும், முறைப்படி. பட்டியல் படிவத்தில் "உத்திரக் குறி" என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறேன். அதன் கீழே, கண்டறிந்தவர்: நாச்சம்மாள், தைலாம்பாள் என்று எழுதினேன். மேலதிகாரி அதை அடித்து நீக்கவில்லை.

இருபத்திரண்டு உத்திரங்களையும் நாச்சம்மாள் குழு ஐந்து நாளில் ஏற்றியது. நிறுவனத்தின் தச்சர்கள் கூட நின்றார்கள், பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்தார்கள். கைமரம், ரீப்பர், பிறகு ஓடு. ஓட்டை இறக்கியபோது மேலிருந்து கீழே வந்த கைவரிசை இப்போது கீழிருந்து மேலே போனது. பழகாததால் முதல் நாள் நாலு ஓடு கைநழுவி உடைந்தது. நாச்சம்மாள் அன்று ராத்திரி சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாள் மதியம் மேகம் கட்டியிருந்தது. நானும் சென்னிமலையும் கூடத்தில் நின்றோம். அவர் பிக்கப் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மனைவியைப் பார்க்க உள்ளே வந்திருந்தார். நாச்சம்மாள் மேலே இல்லை. நடுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஆட்கள் ஒவ்வொரு ஓடாக வேய, தரையில் விழுந்திருந்த வெளிச்சக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன.

"முப்பத்திரெண்டு ஊட்டுலயும் இருட்டுலதானுங்க உள்ள போவோம்" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "ஓடு எடுக்க எடுக்க வெளிச்சம் வந்துட்டே இருக்கும். கடசீல வானந்தான். ஒரு ஊடும் இருட்டாகி நான் பாத்ததில்ல."

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து தைலாம்பாளின் குரல் கேட்டது. "நாச்சம்மா! முடிஞ்சுதோ?"

"இன்னும் ஆறு ஓடு இருக்குதுங்கம்மா!"

ஐந்து. நாலு. சென்னிமலையின் முகம் எனக்குத் தெரியாமல் போனது. கடைசி ஓடு பொருந்தும் சத்தம் கேட்டது. மேலே பூபதிராஜா ஏதோ கூவினார். கூடம் முழுதாக இருட்டி, புது மருந்தும் பழைய மரமும் கலந்த வாசனை மட்டும் இருந்தது.

"லைட்டு போடட்டா?" என்று சென்னிமலை சுவரைத் தடவினார்.

"சித்தெ நேரம் இருங்க" என்றார் நாச்சம்மாள்.